ஞாயிற்றுக்கிழமை வராதவர்களின் கணக்கு

உங்கள் சபையின் சென்ற ஆண்டறிக்கையை முன்னால் வைத்துக்கொண்டு இந்த அத்தியாயத்தைப் படியுங்கள். குடும்பங்கள் எத்தனை, ஞானஸ்நானம் எத்தனை, திடப்படுத்தல் பெற்றவர்கள் எத்தனை பேர், சந்தா எவ்வளவு, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வந்தது எவ்வளவு, மதில் சுவருக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவானது எவ்வளவு என்று பெரும்பாலும் இந்த வரிசையில்தான் அது இருக்கும். இவை வேண்டாத கணக்குகள் என்று சொல்லமாட்டேன். வரவு செலவை ஒழுங்காக எழுதாத சபை வேறு எதையும் ஒழுங்காகச் செய்யாது. ஆனால் அந்தத் தாள்களில் எங்கேயாவது உங்கள் ஊர், ஆரணி வட்டாரத்து நெசவூரான சேவூர், இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். முகவரியில் ஊர்ப் பெயர் இருக்கும். தறி ஓடும் வீடுகள் எத்தனை, நின்றுபோன தறிகள் எத்தனை, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பிள்ளைகள் எத்தனை பேர், அடைமழை மாதத்தில் கடன் வாங்கிச் சாப்பிட்ட வீடுகள் எவை என்பதெல்லாம் இருக்காது.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நியாயத்தீர்ப்பு நாளில் கேட்கப்படுவதாக அங்கே சொல்லப்படுபவை பசி, தாகம், உடுப்பு, நோய், சிறை, அந்நியர் என்பவை பற்றியவை. ஆராதனைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இல்லை. நாமோ அந்த ஒரு கேள்வியை மட்டும் வாரந்தோறும் எண்ணி எழுதுகிறோம்.

ஒரு சபை வென்றதா என்பதை, ஞாயிற்றுக்கிழமை அங்கே வராதவர்களின் வீடுகளில்தான் பார்க்க வேண்டும் என்பது இந்த அத்தியாயத்தின் நிலைப்பாடு. பார்க்கப் போன இடத்தில் கெட்ட செய்தி கிடைத்தால் அதையும் எழுத வேண்டும். முதல் வேலையைப் பல சபைகள் செய்துவிடும். இரண்டாவதில்தான் கை நடுங்கும்.

எண்ணிக்கை ஏறிய ஆண்டுகள்

ஆரணி வட்டாரத்துச் சபைகளுக்குக் கணக்கெழுதும் பழக்கம் புதிதல்ல. ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷனின் தொடக்க கால நிலையங்களுள் ஆரணியும் ஒன்று. ஊர் ஊராகப் போய்த் தமிழிலும் தெலுங்கிலும் பிரசங்கிப்பதே தங்கள் வேலை, கிறிஸ்தவர் அல்லாதோருக்குப் பள்ளி நடத்துவது தங்கள் வேலையல்ல என்று அந்த மிஷன் ஆரம்பத்தில் உறுதியாக இருந்தது. எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதே அப்போதைய அளவுகோல்.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தாக்கிய பெரும் பஞ்சம் வட ஆற்காட்டையும் விடவில்லை. அந்தப் பஞ்சத்திலும் அதை ஒட்டிய ஆண்டுகளிலும்தான் சபைப் பேரேடுகள் கிடுகிடுவென்று நிரம்பின. ஆற்காடு மிஷனில் மட்டுமல்ல, ஆரணிக்குத் தெற்கே சேத்துப்பட்டில் பிரெஞ்சுப் பாதிரியார் தாராஸ் பணி செய்த கத்தோலிக்கத் தரப்பிலும் அதே கதைதான். உறுப்பினர் எண்ணிக்கை வேகமாக ஏறிய காலமும், இந்த வட்டாரம் கூட்டங்கூட்டமாகச் செத்த காலமும் ஏறத்தாழ ஒன்று. அப்போது வந்து சேர்ந்தவர்களைக் கஞ்சிக்கு வந்தவர்கள் என்று ஏளனம் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தங்களை வேறு யாரும் மனிதராகப் பார்க்காத நாட்களில், பார்த்தவர்களிடம் அவர்கள் போனார்கள். நான் சொல்ல வருவது வேறு. பேரேட்டை மட்டும் வைத்துக்கொண்டு படித்தால், 1878 ஒரு நல்ல ஆண்டு என்று தோன்றும். ஊரின் துயரம் சபையின் வெற்றியாகப் பதிவாகிவிடும். அப்படிக் காட்டும் அளவுகோலை நம்பி ஒரு சபை தன் பாதையை முடிவு செய்யக்கூடாது.

மிஷனும் காலப்போக்கில் வேறு வேலைகளுக்கு வந்தது. ராணிப்பேட்டையில் 1866இல் மருத்துவமனை, வேலூரில் 1898இல் ஊரிஸ் கல்லூரி. பின்னாளில் குடியரசுத் தலைவரான டாக்டர் ராதாகிருஷ்ணன் அந்த ஊரிஸ் கல்லூரியில் படித்தவர். திண்டிவனத்தில் தந்தையோடு தங்கியிருந்த இளம்பெண் ஐடா ஸ்கடரின் கதையை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள்: ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள், ஆண் மருத்துவரை அனுமதிக்க அவர்களுக்கு மனமில்லை, மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த மூவரும் எந்தச் சபைப் பேரேட்டிலும் இல்லாதவர்கள். அவர்களை எண்ணிக்கொண்டு அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பியவர் 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். 1902இல் ஷெல் மருத்துவமனை, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று வளர்ந்து, அது சி.எம்.சி. என்னும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியானது. சேவூரிலிருந்து நோயாளியைத் தூக்கிக்கொண்டு வேலூருக்கு ஓடுகிறவர்கள் எந்த மதத்தவராக இருந்தாலும் சி.எம்.சி. என்றுதான் சொல்கிறார்கள். 1870களின் ஞானஸ்நான எண்ணிக்கையை இன்று யாராவது நினைவில் வைத்திருக்கிறார்களா?

கணியம்பாடியில் என்ன எண்ணினார்கள்

ஆரணியிலிருந்து வேலூர் பஸ்ஸில் ஏறினால் கண்ணமங்கலம் தாண்டிக் கணியம்பாடி வரும். அந்த ஒன்றியத்தில் சி.எம்.சி.யின் சமூக மருத்துவத் துறை பல பத்தாண்டுகளாக வேலை செய்கிறது. ஒரு கிறிஸ்தவ நிறுவனம் ஒரு ஊரை எப்படி அளக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான். தூர தேசத்து உதாரணம் தேவையில்லை.

அங்கே முறை எளிது. கிராமத்துக்கு ஒரு பெண், அதே ஊர்க்காரர், சுகாதாரப் பணியாளராக இருப்பார். யார் கருவுற்றிருக்கிறார், எந்த வீட்டில் குழந்தை பிறந்தது, யார் இறந்தார் என்ற தகவல்களை அவர் தொடர்ந்து தருவார். அதைச் செவிலியர் நேரில் போய்ச் சரிபார்ப்பார். மருத்துவர் மீண்டும் பார்ப்பார். மரணம் என்றால் உறவினரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் பேசி, எப்படி நேர்ந்தது என்று கேட்டு எழுதுவார்கள். மருத்துவமனைக்கு வந்தவர்களின் கணக்கு இது அல்ல. வராதவர்களும் சேர்ந்த முழு ஊரின் கணக்கு.

இப்படி எழுதிவந்த பதிவேட்டிலிருந்து 2004இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வெளியானது. சுமார் 1,08,000 பேர் வாழும் பகுதி. 1992 முதல் 2001 வரையான பத்தாண்டு. 10 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளின் மரணங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் பெண் பிள்ளைகளுக்கு 148 பேரும், ஒரு லட்சம் ஆண் பிள்ளைகளுக்கு 58 பேரும் தற்கொலையால் இறந்திருந்தார்கள். அந்த வயதில் இறந்த பெண்களில் பாதி முதல் முக்கால் பங்கு வரை தற்கொலை. அரசுப் புள்ளிவிவரத்தில் காணப்பட்டதைவிட இது பல மடங்கு. நாளிதழ்ச் செய்தியில் தீராத வயிற்று வலி என்று ஒற்றை வரியில் முடிந்துபோகும் மரணங்களின் உண்மை அளவு, வீடு வீடாகப் போன ஊர்ப் பெண்களின் பதிவேட்டால்தான் வெளியே வந்தது.

பிரசவத்தையும் குழந்தை நலத்தையும் கவனிக்கப் போன இடத்தில் இது கிடைத்தது. எங்கள் சேவைப் பகுதியில் இப்படியா என்று மூடி வைத்திருக்கலாம். உலகத்துக்கே தெரியும்படி அச்சில் போட்டார்கள். நல்ல செய்தி மட்டும் தரும்படி கணக்கை அமைத்திருந்தால் தடுப்பூசி எண்ணிக்கையோடு நின்றிருக்கும். உங்கள் சபையின் கணக்கும் உங்களை அதிர வைக்கும் இடம் உள்ளதாக இருக்கட்டும். தேர்வு முடிவு வரும் வாரங்களில் எந்தப் பிள்ளை பேச ஆளில்லாமல் இருக்கிறது என்று பார்ப்பதும், 104, 14416 ஆகிய உதவி எண்களை அறிவிப்புப் பலகையில் ஆண்டு முழுவதும் ஒட்டி வைப்பதும் உங்கள் தெருக்களுக்கும் தேவை.

சேவூரில் எங்கிருந்து தொடங்குவது

முதலில் நடந்து பாருங்கள். நெகேமியா எருசலேமுக்கு வந்ததும் இடிந்த மதிலை இரவில் சுற்றிப் பார்த்த பிறகுதான் வாய் திறந்தார். ஒரு பெரிய தாளில் தெருக்களை வரையுங்கள். ஊர்ப் பக்கமும் காலனிப் பக்கமும் ஒரே தாளில் இருக்க வேண்டும். காலனியை மட்டும் வரைந்தால் சபை தன் உறவினரை மட்டும் பார்க்கிறது என்று பொருள். ஊரை மட்டும் வரைந்தால் அதைவிட மோசம். ஒவ்வொரு வீட்டிலும் தறி உண்டா, ஓடுகிறதா, நின்றதா என்று குறியிடுங்கள்.

போவதற்கு முன் ஊராட்சித் தலைவரிடமும் பள்ளித் தலைமையாசிரியரிடமும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தாரிடமும் சொல்லிவிடுங்கள். என்ன கேட்கப் போகிறோம், எதற்கு, முடிவை யாருக்குச் சொல்வோம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து பின்னர் விலக்கப்பட்டது. சட்டம் போனாலும் சந்தேகம் போகவில்லை. சபையார் நோட்டும் பேனாவுமாக வீடு வீடாக வந்தால் எதற்கு என்று ஊர் கேட்கும். கேட்பது நியாயம். உதவியையும் மதமாற்றத்தையும் ஒரே கையில் நீட்டும் சபை இரண்டையும் கெடுத்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

மதம் எது என்ற கேள்வியே தாளில் இருக்கக்கூடாது. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரான தலித் பட்டியல் சாதியில் சேரமாட்டார். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். சாதிச் சான்றிதழைப் பொறுத்துக் கல்வி உதவித்தொகையும் விடுதி இடமும் மாறும். அந்தப் பயத்தோடு வாழும் குடும்பத்தின் வாசலில் நின்று மதம் கேட்டு எழுதுவது கொடுமை. பெயர்களைத் தனி நோட்டில் எண்ணிட்டு வைத்து, அதைப் பூட்டி வையுங்கள். விவரத் தாளில் எண் மட்டும் போதும்.

யார் கேட்பது? போதகர் வேண்டாம். போதகர் கேட்டால் சபை வீட்டார் நல்லதாகச் சொல்வார்கள். மற்றவர்கள் பேசவே மாட்டார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் தார் சுற்றத் தெரிந்த, தறி வேலை தெரிந்த பெண் ஒருவர் இருந்தால் அவரைவிடத் தகுதியானவர் இல்லை. அதே தெருக்காரர் மட்டும் வேண்டாம். கடன் விவரம் பக்கத்து வீட்டுக்குப் போகும் என்றால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

கேள்விகளைப் பேச்சுத் தமிழில் வையுங்கள். “இப்ப எந்தப் புடவை ஓடுது, பாவு யாரோடது?” “போன ஐப்பசியில எத்தனை நாள் தறி நின்னுச்சு?” “அட்வான்ஸ் எவ்ளோ நிக்குது?” “தார் யாரு சுத்தறாங்க, அதுக்குக் கூலி தனியா வருதா?” “பிள்ளைங்க எந்த வகுப்பு?” “ஊசியில நூல் கோக்கக் கண்ணு தெரியுதா அண்ணே?” இவ்வளவு போதும். நாற்பது கேள்வி எழுதினால் ஐந்தாவது வீட்டிலேயே பொய் தொடங்கும். வீட்டுப் பெண்ணிடம் தனியாகக் கேளுங்கள். புடவைக்குக் கூலி ஆண் கையில் வருகிறது. நூல் இழைப்பதும் தார் சுற்றுவதும் பெண்ணின் உழைப்பு, அது அந்தக் கூலிக்குள்ளேயே மறைந்துபோகிறது. இருவரும் சொல்லும் கடன் தொகைகூட ஒன்றாக இருக்காது.

எந்த மாதம் போவது என்பதில் கவனம் வேண்டும். குழித்தறியில் மழைநீர் ஊறும். ஈரத்தில் பாவு ஒட்டும். தெருவில் பாவு விரிக்க முடியாது. ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் தறி நிற்கும் நாட்கள் அதிகம். ஆடியில் விற்பனை மந்தம், முகூர்த்த மாதங்களில் இரவிலும் விளக்கு எரியும். ஓர் ஆண்டு கார்த்திகையிலும் மறு ஆண்டு தையிலும் கேட்டுவிட்டு, நெசவாளர் வருமானம் உயர்ந்தது என்று எழுதினால் அது சபையின் வெற்றி இல்லை, காலண்டரின் வேலை. ஐப்பசியை ஐப்பசியோடு ஒப்பிடுங்கள்.

முன்பணம் என்ற முடிச்சு

இந்த ஊரில் ஒன்றை மட்டும்தான் அளக்க முடியும் என்று யாராவது கட்டாயப்படுத்தினால், நான் முன்பணத்தை அளப்பேன். முதலாளி பாவும் பட்டும் ஜரிகையும் தருகிறார். நெய்பவர் உழைப்பைத் தருகிறார். புடவைக்கு இவ்வளவு என்று கூலி. தறிக்குச் சேரும்போது ஒரு தொகை, மகள் கல்யாணத்துக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு ஒன்று என்று முன்பணம் ஏறிக்கொண்டே போகும். அதைத் தீர்க்காமல் கூடுதல் கூலி தரும் இன்னொருவரிடம் போக முடியாது. போக வேண்டுமென்றால் புதியவர் பழைய கடனை அடைத்து நெய்பவரை எடுத்துக்கொள்வார். முடிச்சு கை மாறும், அவிழாது. முன்பணத்தைக் காட்டி ஒருவர் விரும்பிய இடத்தில் வேலை செய்யும் உரிமையைப் பறிப்பது 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குள் வரும் விஷயம். பெரியவர் வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளைகள் தறியில் உட்கார்ந்த காலமும் இருந்தது. பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறார் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரத் தறிகள் இடம்பெற்றன.

நெகேமியா 5ஆம் அதிகாரம் இதைப் பற்றியதுதான். நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்து, பிள்ளைகளை அடிமைகளாக விட்டோம் என்று ஜனங்கள் முறையிடுகிறார்கள். நெகேமியா அவர்களுக்காக ஜெபக்கூட்டம் வைத்து அனுப்பவில்லை. கடன் கொடுத்தவர்களைச் சபை கூட்டிக் கேட்டு, வட்டியை விடச் செய்து, அடகைத் திருப்பித் தரச் செய்கிறார். மதில் கட்டும் பணிக்கு நடுவே இது நடக்கிறது என்பதையும் பாருங்கள். மதிலே முக்கியம் என்று அவர் தள்ளிப்போடவில்லை.

சபை இதில் என்ன செய்ய முடியும்? முதலில், முன்பணக் கணக்கு எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்கலாம். பல வீடுகளில் எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கழிந்தது என்பது முதலாளியின் நோட்டில் மட்டும் இருக்கும். நெய்பவர் கையிலும் ஒரு நோட்டு இருந்தால் பாதிச் சண்டை தீரும். எத்தனை வீடுகளில் சொந்த நோட்டு உண்டு என்பது ஆண்டுதோறும் எண்ணத் தகுந்த எண். கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினரானவர்கள் எத்தனை பேர், கைத்தறி நெசவாளர் அடையாள அட்டை இல்லாதவர்கள் எத்தனை பேர், வாரத் தவணைக் குழுக் கடனை அடைக்க இன்னொரு குழுவில் கடன் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்பவையும் அப்படியே. ஆலயக் கோபுரத்துக்கு நன்கொடை கொடுத்தவர் பட்டியலையும் முன்பணம் கொடுத்தவர் பட்டியலையும் சபைக் கமிட்டி ஒருமுறை அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது. இரண்டிலும் ஒரே பெயர் இருந்தால், அந்தப் பணத்தை வாங்கும் முன் பேச வேண்டிய பேச்சு ஒன்று இருக்கிறது.

கொடுத்ததை எண்ணாதீர்கள்

கண் சிகிச்சை முகாம் நடத்தி நூறு மூக்குக்கண்ணாடி கொடுத்தோம் என்று எழுதுவது வழக்கம். கண்ணாடி சபை வாசலைத் தாண்டியதும் கணக்கு முடிந்துவிடுகிறது. ஆனால் ஊருக்கு நன்மை அதற்குப் பிறகுதான் தொடங்க வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் கிட்டப் பார்வை மங்குவது இயற்கை. மெல்லிய இழையைப் பார்த்துப் பிணைக்கும் தொழிலில் அது கூலியை நேரடியாகத் தொடும். அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது கடந்த தொழிலாளர்களுக்குக் கண்ணாடி கொடுத்து நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. கண்ணாடி பெற்றவர்கள் பறித்த இலை, பெறாதவர்களைவிடச் சுமார் 22 விழுக்காடு கூடியிருந்தது. அங்கே எண்ணியது கண்ணாடியை அல்ல, இலையை. நீங்களும் ஆறு மாதம் கழித்துப் போய், யார் இன்னும் அணிந்திருக்கிறார், கண் தெரியாமல் நுணுக்கமான கோர்வைப் புடவையை விட்டுச் சாதாரணப் புடவைக்கு இறங்கியவர் திரும்பக் கோர்வைக்கு வந்தாரா என்று கேளுங்கள். வேலூரின் பழைய ஷெல் மருத்துவமனை பிற்காலத்தில் கண் மருத்துவமனையாக இயங்கியதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன்.

டியூஷன் வகுப்புக்கும் இதுவே பொருந்தும். வந்த பிள்ளைகளின் எண்ணிக்கையைவிட, ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் பதினொன்றாம் வகுப்பில் உட்கார்ந்தார்கள் என்பதே பார்க்க வேண்டியது. அதில் ஆணும் பெண்ணும் தனித்தனியாக. படித்த பிள்ளை தறிக்குத் திரும்பாமல் செய்யாறு சிப்காட் காலணித் தொழிற்சாலைக்கோ ஒரகடத்துக்கோ கம்பெனி பஸ்ஸில் போனால், நெசவு அழிகிறது என்று கவலைப்பட்டுத் தோல்வி நிரலில் எழுதாதீர்கள். தறியில் இருப்பவர் மானத்தோடு இருக்க வேண்டும், போக விரும்புகிறவர் போக முடிய வேண்டும். இரண்டும் நடந்தால் ஊருக்கு நல்லது.

நம்முடையது அல்லாத வெற்றி

கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023இல் 300 யூனிட்டாக உயர்ந்தது. 2022 செப்டம்பரில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அரசுப் பள்ளிகளில் தொடங்கியது. அதற்குப் பிறகு வீட்டுச் செலவு குறைந்திருந்தாலோ தொடக்கப் பள்ளி வருகை கூடியிருந்தாலோ, அதில் அரசின் பங்கு எவ்வளவு, சபையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். முழுவதும் பிரிக்க முடியாது. ஆனால் ஓரளவு முடியும்: சபை எந்த வேலையும் செய்யாத, தறியும் கடனும் ஏறத்தாழ இதே அளவிலுள்ள இன்னொரு தெருவையும் ஆரம்பத்திலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு தெருக்களும் ஒரே அளவு முன்னேறியிருந்தால் அது அரசுக்கோ சந்தைக்கோ சேர வேண்டிய புகழ். அதை அறிக்கையில் அப்படியே எழுதுங்கள். தன்னுடையது அல்லாத நன்மையைத் தன்னுடையது என்று சொல்லும் சபையை ஊர் ஒருமுறைதான் நம்பும்.

எல்லாவற்றையும் பணமாக மாற்றிக் காட்டும் முறையும் உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 12 வழிபாட்டு இடங்கள் ஊருக்குச் செய்யும் நன்மையை டாலரில் மதிப்பிட்டார்கள். 2010இல் வந்த முடிவு ஆண்டுக்கு ஐந்து கோடி டாலருக்கு மேல். நகராட்சியிடம் கட்டடப் பாதுகாப்புக்கு வாதாட அங்கே அது உதவலாம். சேவூரில் வேண்டாம். ரூபாயில் எழுதியதும் கமிட்டி அந்தத் தொகையைப் பெரிதாக்கவே அடுத்த ஆண்டு வேலை செய்யும். தாவீது ஜனங்களை எண்ணிய கணக்கு 2 சாமுவேல் 24ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தன் பலத்தைக் காட்ட எண்ணியது பாவமாகவே முடிந்தது.

படித்துக் காட்டுங்கள்

கணக்கு முடிந்ததும் முதலில் ஊரிடம் கொண்டு போங்கள், அப்புறம் சபையிடம். பள்ளித் திண்ணையோ சங்கக் கட்டடமோ, எல்லோரும் வரக்கூடிய பொது இடத்தில் பெயர் சொல்லாமல் எண்களை வாசியுங்கள். இது தவறு என்று யாராவது எழுந்தால் உட்காரச் சொல்லாதீர்கள். திருத்துங்கள். நூறு நாள் வேலைத் திட்டத்தில் சமூகத் தணிக்கை என்று கிராம சபையில் கணக்கை வாசிப்பது சட்டத்திலேயே எழுதப்பட்டது. ஊராருக்கு அந்தப் பழக்கம் புதிதல்ல.

பிறகு கமிட்டி உட்கார்ந்து ஒரு முடிவாவது எடுக்க வேண்டும், அது ஏதாவது ஒன்றை நிறுத்துவதாக இருந்தாலும். ஆண்டுதோறும் சேலை கொடுக்கும் விழாவால் யாருக்கும் ஒன்றும் மாறவில்லை என்று கணக்கு சொன்னால் நிறுத்துங்கள்; நெசவூரில் சேலை கொடுப்பதைவிட நெய்தவருக்குக் கடன் நோட்டு எழுதிக் கொடுப்பது மேல். அந்தப் பணத்தை ஐப்பசியில் தறி நிற்கும் வீடுகளுக்கு வட்டியில்லாக் கைமாற்று நிதியாக வைக்கலாம். அதுவும் உள்ளூர்ச் சந்தாவிலிருந்து வரட்டும். வெளிநாட்டுப் பணத்தில் நடக்கும் வேலை அந்தப் பணம் நின்ற மாதமே நிற்கும். சபையின் சொந்த வருமானத்தில் ஊருக்குப் போன பங்கு எவ்வளவு என்பது மறைக்க முடியாத எண்.

மூன்று ஆண்டுகள் முடியும் முன் எதையும் தீர்ப்பாகச் சொல்லாதீர்கள். முதல் ஆண்டு எண்கள் ஊரின் நிலையைச் சொல்லும், உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லாது. போதகர் மாற்றலாகிப் போனாலும் கணக்கு நிற்காதபடி கணக்கு நோட்டை (பூட்டி வைத்த பெயர் நோட்டை அல்ல) சபைச் செயலரிடமும் ஊரார் ஒருவரிடமும் ஒவ்வொரு பிரதியாக வையுங்கள்.

வரும் ஆண்டறிக்கையில் இந்தக் கணக்கு முதல் பக்கத்தில் வரட்டும். ஞானஸ்நானமும் சந்தாவும் மதில் சுவரும் அதன் பின்னால் வரட்டும். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், உங்கள் சபைக்கு ஒருநாளும் வராத ஒரு நெசவாளரிடம் அந்தப் பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் இது உண்மைதான் என்றால் அச்சிடுங்கள். இல்லை என்றால், எது இல்லை என்று கேட்டுத் திருத்திவிட்டு அச்சிடுங்கள்.